செல்லே இல்லாத குழி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, செல்லே இல்லாத குழி ஒன்று வளர்ச்சிக் காரணி சுரந்திருப்பதாக மெஷின் சொன்னது. ஒன்றல்ல, நான்கு குழிகள். ஆய்வுக்கூடத் தட்டின் கடைசி வரிசையில், உயிர்ச் செல்களை வளர்க்கிற மீடியம் என்னும் திரவத்தை மட்டும் ஊற்றி வைத்த நான்கு குழிகள்.

தைமஸ் அக்கா திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருநூற்று மூன்று. நூற்றுத் தொண்ணூற்றாறு. இருநூற்று ஒன்று.

"ஆளே இல்லாத வீட்டுல அடுப்பு எரியுதாம்!" என்று அந்த மெஷினிடமே சொன்னாள். மெஷின் தன் பங்குக்கு ஒரு தாளைத் துப்பியது.

அவளுக்குத் தைமஸ் அக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. வாசல் காவலாளி முதல் மேல்மாடி கணக்கர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாலு வருடமாகக் காலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதும், உள்ளே விரல் நீளத் தசைத்துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிற பயத்தோடு திரும்பி வருவதுமாக இருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயத்தின்மேல் போர்த்தியிருக்கும் ஒரு சுரப்பி. குழந்தைக்குப் பெரிதாக இருக்கும், வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகும். குழந்தைகளுக்கு இதய அறுவை செய்யும்போது அது வழியை மறைக்கும் என்பதால் மருத்துவர்கள் அதில் ஒரு பகுதியை வெட்டி ஒதுக்குவார்கள். அக்காவின் பிழைப்பு அந்த ஒதுக்கிய துண்டில்தான் இருந்தது. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, பிள்ளைப் பருவத்தில் இந்தச் சுரப்பிக்குள் வந்துதான் ஆளாகிறது. அந்தப் பிள்ளைச் செல்கள் செத்துப்போகாமல் இருக்க ஒரு வளர்ச்சிக் காரணி வேண்டும். அதைச் சுரந்து கொடுப்பவை சுரப்பியின் சொந்தச் செல்கள். அக்கா அவற்றை வீட்டுச் செல்கள் என்பாள். வீட்டுச் செல்கள் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கின்றனவா, அல்லது பிள்ளைச் செல் வந்து தொட்டால்தான் சுரக்கின்றனவா? அவளுடைய நாலு வருடமும் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

துறைத் தலைவரைக் கேட்டால் இது கேள்வியே அல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அவர் பதில் எழுதிவிட்டார். எந்நேரமும் சுரக்கும், அளவு இருநூறு. அந்தக் கட்டுரையால்தான் அவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது, அந்தக் கட்டுரையால்தான் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'இருநூறு சார்' என்றார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளூரச் சந்தோஷம்தான்.

அக்கா ஒன்பது முறை அளந்திருந்தாள். ஆறு முறை எல்லாக் குழியிலும் இருநூறு வந்தது. பிள்ளைச் செல் இருந்தாலும் இருநூறு, இல்லாவிட்டாலும் இருநூறு. மூன்று முறை பதினேழு, மூன்று என்று ஏதோ தர்மத்துக்கு வந்தது. அந்த மூன்று பக்கங்களின் குறுக்கே சிவப்பு மையில் 'தோல்வி' என்று எழுதி, கோபத்தில் அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். ஒரே கை, ஒரே மீடியம், ஒரே இன்குபேட்டர். பிறகு ஏன் ஒரு வாரம் மலையும் ஒரு வாரம் மடுவுமாக வருகிறது? இந்தப் பத்தாவது முறை வெறுத்துப்போய், எப்போதும் சும்மா விடுகிற கடைசி வரிசையில் செல் போடாமல் மீடியத்தை மட்டும் ஊற்றி வைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

இருநூறு சாரின் அறைக்குள் தாளை நீட்டியபோது அவர் முதல் இரண்டு வரிசையை மட்டும் படித்தார்.

"பிரமாதம். இருநூறு!"

"சார், கடைசி வரிசை."

"அது என்ன?"

"அதுல செல்லே இல்லை சார்."

அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அளக்கிற கிட் கோளாறா இருக்கும். அந்த வரிசையை எடுத்துட்டு எழுதும்மா."

"செல் இல்லாத குழியில இருநூறு வந்தா, செல் இருக்கிற குழியில வந்த இருநூறு எங்கேயிருந்து வந்துச்சு சார்?"

"ஏம்மா, ஆறு முறை வந்தது பொய்யா? அடுத்த மாசம் கூட்டத்துல பேசறேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன். உன் நீட்டிப்புப் படிவம் இதோ இங்கதான் இருக்கு." மேசையில் காகிதம் பறக்காமல் வைத்த கண்ணாடி உருண்டைக்கு அடியில் இருந்த நாலு பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "கட்டுரையைக் கொண்டா, கையெழுத்தை வாங்கிட்டுப் போ."

மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. அந்தப் படிவத்தில் கையெழுத்து விழாவிட்டால் அக்காவின் வேலை அந்த மாதக் கடைசியோடு சரி. தைமஸை வைத்து வேலை செய்கிற வேறு இடம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. நாலு வருடக் கேள்வி பதில் இல்லாமலே ஃப்ரீசரில் கிடக்கும், பிறகு யாராவது இடம் போதவில்லை என்று தூக்கி எறிவார்கள். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்துப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை வீட்டில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த கணவர் கேட்டார், "அந்தக் கடைசி மூணு நாள் செல்லுக்குச் சாப்பாடு போட மாட்டேன்னு சொல்வியே, ஏன்?"

"சாப்பாட்டு மீடியத்துலயே ஆயிரம் காரணி கலந்திருக்குங்க. அதை வெச்சுக்கிட்டு அளந்தா, எது செல் சுரந்தது, எது நான் ஊத்தினதுன்னு எப்படித் தெரியும்? அதனால வெள்ளிக்கிழமை கழுவிட்டு, ஒண்ணுமில்லாத மீடியம் ஊத்திருவேன். திங்கட்கிழமை அதை எடுத்து வெச்சு, செவ்வாய்க்கிழமை அளப்பேன்."

"அப்ப சனி, ஞாயிறு பட்டினி."

"ஆமா, பட்டினி."

"இங்கயும் அதே கதிதான். வித்தியாசம், எங்களை யாரும் அளக்க வரலை."

மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவை வெடுக்கென்று வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சந்தேகப்படாத பொருள் கட்டடத்தில் இல்லை. கிட்டைச் சோதித்தாள், சரியாக இருந்தது. புதுத் தட்டில் தண்ணீர் ஊற்றி அளந்தாள், பூச்சியம். ஒன்றுமில்லாத மீடியம் பாட்டில் நான்கையும் திறந்து அளந்தாள், பூச்சியம். உறிஞ்சி ஊற்றுகிற பிப்பெட்டுகளைக் கழற்றிக் கழுவினாள். எங்கே பார்த்தாலும் எல்லாம் யோக்கியமாக இருந்தன. யாரும் தப்பே செய்யாத வீட்டில் பால் மட்டும் காணாமல் போனால் எப்படி எரிச்சல் வருமோ, அப்படி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன்னையே சந்தேகப்பட்டாள். ஒருவேளை எனக்கே தூக்கத்தில் நடந்து வந்து ஊற்றுகிற வியாதி ஏதாவது இருக்கிறதோ?

அடுத்த திங்கட்கிழமை காலை, வழக்கம்போல இன்குபேட்டர் மாமா அக்குளில் பதிவேட்டோடு வந்து நின்றார்.

மாமா அந்த மாடியின் மூத்த டெக்னீஷியன். முப்பது வருடமாக இன்குபேட்டர் அறை அவர் பொறுப்பு. வெப்பம் பார்ப்பார், காற்று உருளை மாற்றுவார், தண்ணீர்த் தட்டு வற்றாமல் பார்த்துக்கொள்வார், பக்கத்து அறைக்காரர்களின் செல்களையும் வளர்த்துக் கொடுப்பார். சனி, ஞாயிறு முறைப்பணியும் பெரும்பாலும் அவரே. எல்லாவற்றையும் முத்து முத்தான எழுத்தில் பதிவேட்டில் ஏற்றி, திங்கட்கிழமை ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவார். அது விதி. யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் ஏறக்குறைய விதிதான்.

"ஏம்மா, ஒரு கையெழுத்து."

"எங்க போடணும்?" அக்கா நிமிராமலே கையை நீட்டினாள். பேனா எழுதவில்லை. உதறினாள், எழுதவில்லை. "உங்க பேனாவும் என்னை மாதிரியே ஆயிடுச்சு மாமா."

"இரும்மா, வேற எடுத்துட்டு வரேன்." அவர் மேசை மேசையாகப் பேனா தேடிப் போனார். அந்த அரை நிமிடம் அவளுக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், நாலு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

இந்த வார வரிகளில் ஒன்றும் விசேஷம் இல்லை. அதற்கு மேலே போன வாரம். 'சனி. வெப்பம் முப்பத்தேழு. தண்ணீர் நிரப்பியது. தைமஸ் தட்டு மஞ்சள். ஊட்டியது.' அதற்குக் கீழே, 'ஞாயிறு. தைமஸ் தட்டு மீண்டும் மஞ்சள். ஊட்டியது.' அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து, சுழித்து, அழகாக.

மாமா பேனாவோடு திரும்பி வந்தார்.

"மாமா. இது என்ன?"

"எதும்மா?"

"'ஊட்டியது.' யாருக்கு ஊட்டுனீங்க?"

"உன் தட்டுக்குத்தான். சிவப்பா இருக்க வேண்டிய மீடியம் எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாக் கிடந்துச்சு. பசின்னு அர்த்தம். குழிக்குக் கொஞ்சம் எடுத்துட்டு, கொஞ்சம் புதுசா விட்டேன். நீ தைமஸ் தைமஸ்னு உசுரை விடறே, அதுக பட்டினி கிடந்தா யாருக்கு மனசு வரும்?"

"எதை விட்டீங்க?"

"பக்கத்து ரூம் பாட்டில்லேர்ந்துதான். இந்தக் கட்டடத்துலயே ஒசத்தியான சாப்பாடு. அவங்க செல்லு எப்படிக் கொழுகொழுன்னு வருது, பாத்திருக்கியா?"

பக்கத்து அறைக்காரர்கள் வெள்ளை அணுக்களைப் பெருக்குகிறவர்கள். அதற்காக அவர்கள் மீடியத்தில் வளர்ச்சிக் காரணியை வெளியிலிருந்து வரவழைத்து, தாராளமாகக் கலப்பார்கள். எந்தக் காரணியை? இவள் நாலு வருடமாக எதைத் தேடுகிறாளோ அதே காரணியை.

அக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"மாமா, நான் பட்டினி போட்டேன்! வேணும்னே போட்டேன்! அதுதான் என் வேலையே!"

"வேணும்னேவா?"

"கடைசி வரிசையில செல்லே கிடையாது மாமா! காலிக் குழி! அதுக்கும் ஏன் ஊட்டுனீங்க?"

"ஞாயித்துக்கிழமை அதுவுமா மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்துக்கிட்டா இருப்பாங்க? ஒரே பந்தியில உக்காந்திருக்கு. நாலு பேருக்கு வெச்சுட்டு நாலு பேரைத் தாண்டிப் போறதா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, கையுறையோடு, இரண்டு முறை. மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

"மூடியில ஏதோ நாலு எழுத்து எழுதியிருந்தே. அது பட்டினின்னு எனக்கு யாரு சொன்னா? நான் ஒண்ணும் மறைக்கலையே. எழுதித்தான் வெச்சேன்." பதிவேட்டில் அவள் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "நீயும் பாத்துட்டுத்தானே போட்டே?"

கோபம் போன வேகத்தில் திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது. நாலு வருடம், வாரத்துக்கு ஒரு கையெழுத்து. ஒரே ஒரு திங்கட்கிழமை இரண்டு வரி படித்திருந்தால் போதும்.

"மாமா," என்றாள், குரலை இறக்கி. "நீங்க லீவுல போனது எப்போ எப்போ?"

"கண்ணுல ஆபரேஷன்னு ரெண்டு தடவை. மக பிரசவத்துக்கு ஒரு தடவை. ஏஜென்சிலேர்ந்து ஒரு ஆள் வந்தானே."

அந்த ஏஜென்சி ஆளை அக்காவுக்கு நினைவிருந்தது. இன்குபேட்டர் கதவைத் திறந்தால் கை தேய்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதன். கண்ணாடி வழியாக வெப்பத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டு, நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அக்கா தன் நோட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒத்துப் பார்த்தாள். மாமா இருந்த ஆறு வாரமும் இருநூறு. ஏஜென்சி ஆள் இருந்த மூன்று வாரமும் 'தோல்வி'.

சிவப்பு மையைத் தாண்டி அந்த மூன்று பக்கங்களை அவள் மெதுவாகப் படித்தாள். வீட்டுச் செல் தனியாக இருந்த குழிகளில் மூன்று, நான்கு, மூன்று. பிள்ளைச் செல்லோடு இருந்த குழிகளில் பதினேழு, பதினாறு, பதினெட்டு. மூன்று தடவையும் அப்படியே. வீட்டுச் செல் எந்நேரமும் வாரி இறைக்கவில்லை. பிள்ளை வந்து தொட்டபோது மட்டும், அளவாக, கொஞ்சமாகச் சுரந்திருந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால். இத்தனை தெளிவான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, இருநூறு இல்லையே என்று குறுக்கே கோடு கிழித்திருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. அந்த மூன்று துண்டுகளும் மூன்று குழந்தைகளுடையவை. அறுவை அறைக்கு வெளியே அவர்களைப் பெற்றவர்கள் அவள் நீட்டிய ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு தாய் கேட்டாள், "எப்படியும் தூக்கிப் போடறதைத்தானே எடுத்துக்கறீங்க?" அக்கா சொன்னாள், "ஆமாங்க. ஆனா நான் தூக்கிப் போட மாட்டேன்." சொன்னபடி செய்யவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அந்தத் தாயின் குழந்தையுடைய செல்கள் இன்னும் கொஞ்சம் வளர்ந்துகொண்டிருந்தன. சரியாக ஒரு தட்டுக்குத் தேறும். அடுத்த துண்டு கிடைத்து, வளர்த்து, அளப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். இருப்பது இந்த ஒரு தட்டுதான்.

இருநூறு சார் எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணாடி உருண்டையைப் படிவத்தின் மேல் இன்னும் கொஞ்சம் நடுவாக நகர்த்தி வைத்தார்.

"மாமா எழுதி வெச்ச ரெண்டு வரியை நம்பி, உலகத்துக்கே தெரிஞ்ச நம்பரை மாத்தச் சொல்றியா?"

"என் தட்டுல வந்த நம்பரைத்தான் சொல்றேன் சார்."

"இன்னொரு தட்டு இருக்குல்ல? அதுல காட்டு. இருநூறு வந்தா நான் சொன்னது சரி. வரலைன்னா உன் செல்லுல உயிர் இல்லைன்னு அர்த்தம்."

தலை விழுந்தால் நான் ஜெயித்தேன், பூ விழுந்தால் நீ தோற்றாய் என்பது போல இருந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்த மனிதரோடு வாதாடுவதும் சுவரில் போய் முட்டிக்கொள்வதும் ஒன்று, சுவராவது படிவத்தைக் காட்டி மிரட்டாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டைக் கழுவி, ஒன்றுமில்லாத மீடியத்தை ஊற்றினாள். நான்கு குழியில் வீட்டுச் செல் தனியாக, நான்கில் பிள்ளைச் செல்லோடு, நான்கு காலி. மூடியில் இந்த முறை நாலு எழுத்துக் குறியீடு எழுதவில்லை. 'பட்டினி. மஞ்சளானாலும் ஊட்டக் கூடாது. செத்தாலும் ஊட்டக் கூடாது' என்று தடித்த பேனாவால் எழுதினாள். அந்த வாரமும் முறைப்பணி மாமாவுக்குத்தான். மாற்றிவிடலாமா என்று யோசித்து, ஏஜென்சி ஆளுக்குப் போன் செய்யக்கூடப் போனாள். பிறகு, செய்யவில்லை. மாமாவிடமே போய், "இந்தத் தட்டு உங்க பொறுப்பு," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிறு மதியம் போன் வந்தது.

"ஏம்மா, நல்லா மஞ்சளாயிடுச்சு."

"ஆகட்டும் மாமா."

"சும்மா மஞ்சள் இல்லை. மஞ்சக்காமாலை மஞ்சள். பாக்க முடியலைம்மா."

"பாக்காதீங்க. கதவை ஏன் திறக்கறீங்க?"

"ஒரு சொட்டு விட்டா என்ன ஆயிடும்?"

"மாமா!" அவள் போட்ட கூச்சலில் கணவர் கையிலிருந்த தம்ளர் ஆடியது.

அதற்குமேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேருந்து பிடித்து ஓடினாள். மாடி வெறிச்சோடிக் கிடந்தது. இன்குபேட்டர் அறைக்கு வெளியே, மூடிய கதவில் முதுகைச் சாய்த்து, மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து எடுத்து வந்த எல்லாப் பிப்பெட்டுகளும் மடியில் இருந்தன.

"யாரும் உள்ள போய் ஊத்திடக் கூடாதுன்னுதான்," என்றார்.

"இன்னிக்கு இந்த மாடியில உங்களைத் தவிர யாரு மாமா இருக்கா?"

"அதைத்தாம்மா சொல்றேன்."

அக்காவுக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரும் போகாமல் தானும் போகாமல் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள். இடையில் இரண்டு முறை அவர் எழுந்தார், இரண்டு முறையும் அவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை மெஷின் தாளைத் துப்பியது. வீட்டுச் செல் தனியாக, மூன்று. பிள்ளைச் செல்லோடு, பதினேழு. காலிக் குழி, பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம். அந்த நான்கு பூச்சியத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லாததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

இருநூறு சாருக்குச் சந்தோஷம் இல்லை. "பதினேழா? இதை வெச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட கூட்டத்துல நிப்பேன்?"

"செல்லுக்கு உயிர் இருக்கான்னு சாயம் போட்டுப் பாத்துட்டேன் சார். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு உயிரோட இருக்கு. அந்த இருநூறு மாமா ஊத்தினது சார்."

"கூப்பிடு அந்த மாமாவை!"

மாமா வந்தார். அக்குளில் பதிவேடு. அன்றைக்குக் கையெழுத்து நாளே இல்லை, ஆனாலும் பதிவேடு இல்லாமல் அவர் எந்த அறைக்கும் போனது கிடையாது.

"மாமா, உங்க இரக்கத்தால இந்தப் பொண்ணோட நாலு வருஷமும் போச்சு. எத்தனை நாளா இப்படி அடுத்தவங்க தட்டுல கை வெக்கறீங்க?"

மாமா கொஞ்சம் யோசித்தார். கணக்கு அவருக்குத் தெரிந்ததுதான், சொல்லலாமா என்றுதான் யோசித்தார்.

"உங்க காலத்துலேர்ந்துதான் சார்."

"என்னது?"

"நீங்க அப்ப அந்தக் கோடி மேசையில இருந்தீங்க. ஒரு திங்கட்கிழமை வந்து பாத்துட்டு, உங்க தட்டு முழுக்கச் செத்துக் கிடக்குன்னு என்னைச் சத்தம் போட்டீங்க. மஞ்சளாக் கிடந்தா பாத்துக்கிட்டு நிக்காதய்யா, நல்லதா எதையாவது ஊத்தி வைன்னு சொன்னீங்க. அதுலேர்ந்து ஊத்தறேன்."

இதை அக்கா யோசித்திருக்கவேயில்லை.

"எதை ஊத்துனீங்க?" இருநூறு சாரின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பக்கத்து ரூம் பாட்டில்தான் சார். அப்பவும் அவங்கதான் இருந்தாங்க. எழுதி வெச்சிருக்கேன், எடுத்துட்டு வரவா?"

மாமா போய், அட்டை பிய்ந்த பழைய பதிவேட்டைத் துடைத்து எடுத்து வந்து மேசையில் விரித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சனிக்கிழமைகள். வெப்பம் முப்பத்தேழு. தண்ணீர் நிரப்பியது. சாருடைய தட்டு மஞ்சள். ஊட்டியது. பக்கத்துக்குப் பக்கம் அதே வரி, அதே முத்து முத்தான எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருநூறு சாரின் கையெழுத்து. அப்போது அது இன்னும் இளமையாக, இன்னும் அவசரமாக இருந்தது.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய், மூடி, மறுபடி முதலில் இருந்து திறந்தார்.

"நீயும் இப்படித்தான் போட்டியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆமா சார். நாலு வருஷமா."

"நான் ஏழு வருஷம் போட்டேன்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் யாரோ ஒரு சாதாரண மனிதரின் முகமாக இருந்தது. அக்காவுக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், இல்லை.

"பதினேழுன்னே எழுதும்மா," என்றார். "அந்த இருநூறுக்கு நானே ஒரு திருத்தம் எழுதி அனுப்பறேன். கூட்டத்துல நீயே பேசு. மாமா, நீங்க போங்க. உங்க மேல தப்பில்லை."

"அப்ப இனிமே மஞ்சளா இருந்தா?" என்று மாமா வாசலில் நின்று கேட்டார்.

"ஊத்தாதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மாமா போனதும், இருநூறு சார் கண்ணாடி உருண்டையைத் தூக்கி ஓரமாக வைத்தார். நீட்டிப்புப் படிவத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். நாலாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கான கோடு காத்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் நாலாம் பக்கத்துக்குப் போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனா நுனியை முதல் பக்கத்தின் முதல் வரியில் வைத்து, எழுத்துக் கூட்டாத குறையாக மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி. இரண்டாம் வரியில் ஏதோ புரியாமல் மறுபடி முதல் வரிக்குப் போனார். முன்னால் நாலு பக்கம் இருந்தது. போட்டுத் தொலையுங்கள் சார் என்று கத்த வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு. கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.